ஏழு கிணறும் அம்மாவின் கணக்கும்

அப்பாவின் அந்தியேட்டி, அதுதான் முப்பத்தோராம் நாள் கிரியை, கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்தான் என்று அம்மா செத்தவீட்டன்றே சொல்லிவிட்டார். அப்பப்பாவுக்கும் அப்பா அங்கேதான் செய்தவராம், அதனால் பேச்சே இல்லை. திருகோணமலை நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் தூரம்தான், அதற்கு ஆட்டோக்காரர் கேட்ட காசைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். போன அன்று ஞாயிறு வேறு! ரிக்கெட் எடுக்கவே அரை மணி நேரம் வரிசை, உள்ளே போனால் சுற்றுலா வந்த கூட்டம் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று படம் எடுக்கிறது, நாங்கள் ஈர வேட்டியோடு வழி கேட்டுக் கேட்டுப் போகிறோம்.

வரிசையில் நின்றபோது மருமகன் இது எரிமலைத் தண்ணீரா என்று கேட்டான். இலங்கையில் ஏதடா எரிமலை என்று சித்தப்பா தொடங்கிவிட்டார், பழைய விஞ்ஞான வாத்தியார் அல்லவா. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் வெகு ஆழத்துக்கு இறங்குமாம், ஆழம் போகப் போகப் பூமியின் சூடு கூடுமாம், அந்தச் சூட்டோடு வேறொரு வெடிப்பால் மேலே வருகிறதுதான் இது, மகாஓயா, மகாபெலஸ்ஸ வெந்நீர் ஊற்றுகளிலும் இப்படித்தான் என்றார். ராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தில் குத்தி வரவழைத்த தண்ணீர் என்பதுதான் ஊர்க்கதை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற அம்மா, "அப்ப ராவணன் தாயின்ர கிரியைக்குச் சரியான இடம் பார்த்துத்தான் குத்தியிருக்கிறான்" என்றார். சித்தப்பா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

கிணறுகள் மூன்று நாலு அடிதான், அடி தெரியும். இறங்கிக் குளிக்கிற வழக்கம் இல்லை, வாளியால் அள்ளித்தான் ஊற்றவேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. முதல் வாளிக்கு உடம்பு கூசியது. அம்மா பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கினார். ஐந்தாவதில் யாரோ இடித்ததில் கணக்குத் தவறிவிட்டது, திரும்ப முதலாவதிலிருந்து ஊற்றச் சொல்லிவிட்டார்! எரிச்சலோடுதான் போனேன். ஆனால் இரண்டாம் முறை ஏழாவது கிணற்று நீர் தலையில் விழுந்தபோது, காய்ச்சல் விட்ட அன்று அப்பா சுடுதண்ணீர் வார்த்துவிட்டது ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். முப்பத்தொரு நாளும் அழாதவன். தண்ணீரோடு தண்ணீராய்ப் போனது.

சாவுத் துடக்குக் கழிந்து மறுநாள் காலை கோணேசர் கோயிலுக்குப் போனோம். அங்கேயும் நெரிசல்தான். தீபம் காட்டிய அந்த ஒரு நொடி எனக்கும் சுவாமிக்கும் நடுவில் ஒருவரும் இல்லை, எப்படி விலகினார்களோ தெரியாது. கேட்க வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அப்பனே, அம்மா சொன்னபடி செய்ய வைத்தாயே, அது போதும்.

இறங்கி வரும்போது, கோயில் இருக்கிற கோட்டைக்குள் திரிகிற மான் ஒன்று அம்மாவின் அர்ச்சனைப் பையிலிருந்து வாழைப்பழத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. "அவருக்கும் கதலிதான் விருப்பம்" என்றார் அம்மா.