யாருடைய பெயரில் அந்தக் கணக்கு?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வங்கிக் கிளையின் கவுண்டரில் பதினொரு வருடமாக இருக்கிறேன். காலி வீதி வாகன இரைச்சல் காதுக்குப் பழகிவிட்டது. ஒரு வசனம் மட்டும் இன்னும் வயிற்றைப் பிசைகிறது: "பிள்ளை, ஃபிக்ஸ்டை உடைச்சுத் தாங்கோ." நிலையான வைப்பை முதிர்வுக்கு முன்பே எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்படித்தான் வந்தார். முதிர்வுக்கு இன்னும் இரண்டு மாதம். "வட்டி குறையும் அன்ரி" என்றேன். கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். ஏதோ ஒரு முதலீட்டுத் திட்டம்; திரையில் பச்சை எழுத்தில் இலாபம் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் பத்தாயிரம் போட்டாராம், பன்னிரண்டாயிரமாகத் திரும்பியதாம். "என்ர கணக்குக்கே வந்தது பிள்ளை." அந்த இரண்டாயிரம்தான் தூண்டிலில் குத்திய புழு. காசு போகவேண்டிய கணக்கு எந்தக் கம்பனியின் பெயரிலும் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அதை நான் கண்டேன். வரிசை நீண்டிருந்தது. ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். இலாபத்தை எடுக்க முதலில் "வரி" கட்டச் சொல்கிறார்களாம்.

அந்தத் தனி ஆட்கள் யார் என்பது சில மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன், தன் கணக்கு ஏன் முடக்கப்பட்டது என்று கேட்டு வந்தான். டெலிகிராமில் வந்த வேலைக்கென்று அடையாள அட்டையை இரு பக்கமும் படமெடுத்து அனுப்பி, ஏடிஎம் அட்டையையும் கொடுத்திருக்கிறான். யார் யாரோ ஏமாந்த காசு அவன் பெயரில் வந்து, அவன் கண்ணில் படாமலே வெளியே போயிருக்கிறது. பொலிஸ் தேடுவது அவனைத்தான்.

நம் அடையாள அட்டை இலக்கமே நிறையப் பேசிவிடும். புதிய 12 இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கம் கிடைத்தவனுக்குப் பிறந்த திகதியும் கிடைத்துவிடுகிறது. போட்டோகொப்பி கொடுக்கும்போது எதற்காக, எந்தத் திகதியில் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது வரிசை எவ்வளவு நீண்டாலும் கேட்கிறேன்: கணக்கு யாருடைய பெயரில்? அந்த ஆளை நேரில் தெரியுமா? வைப்பு ஏற்க அனுமதி பெற்ற நிறுவனமா என்று மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டீர்களா? சிலர் கோபிக்கிறார்கள். மனேஜரிடம் முறைப்பாடும் போயிருக்கிறது.

அன்ரி மாதாமாதம் ஓய்வூதியம் எடுக்க வருகிறார். மற்றக் கவுண்டர்கள் காலியாக இருந்தாலும் என்னிடம்தான் வருகிறார்.