கோடு போடாமல் கோட்டை விட்ட கதை

வெள்ளிக்கிழமை மாலை மனநலப் பரீட்சை ரிசல்ட் வந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, போனைத் திறக்கப் பயந்து, தே தாரிக் டீ ஆறிப்போகும்வரை கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தேன். பாஸ். இரண்டாவது தடவையில். ஆளுமையும் ட்ரோமாவும் (மனதைக் காயப்படுத்தும் அதிர்ச்சி) தாள், பின்னாலேயே ஒரு நோயாளியின் கதையை வைத்து வாய்மொழித் தேர்வு, அதாவது கேஸ் வைவா. எழுதப் போகிறவர்களுக்கு அமைப்பு தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் தடவை கேஸில் வந்தவள் 29 வயதுப் பெண். கையைக் கீறிக்கொள்கிறாள், பொசுக்கென்று கோபம் வருகிறது, யாரோடும் ஒட்டுவதில்லை, "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்கிறாள். இரண்டாவது வரியிலேயே பார்டர்லைன் (உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் ஆடும் ஆளுமைக் கோளாறு) என்று முடிவு கட்டி, அதன் ஒன்பது அளவுகோல்களில் ஐந்தைத் தேடித் தேடி ஒட்டவைத்தேன். வைவாவில் தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "இதெல்லாம் எப்போதிலிருந்து?"

தாளைப் புரட்டினேன். 23 வயது வரை பேங்க் வேலை, பள்ளிக்காலத் தோழிகள், எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் நான்கு வருஷம் கணவனிடம் அடி, ஒரு தடவை கழுத்தை நெரித்திருக்கிறான். அப்புறம்தான் கெட்ட கனவு, கதவுச் சத்தத்துக்குப் பதறுவது, மற்றதெல்லாம். அத்தனையும் மூன்றாவது பத்தியில் இருந்தது. நான்தான் அங்கே போகவே இல்லை.

இந்தத் தடவை விடைத்தாள் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். இடது முனை பிறப்பு, வலது முனை இன்று. சம்பவங்கள் மேலே, அறிகுறிகள் கீழே. இதுதான் வித்தை, சிரிக்காதீர்கள். சம்பவம் நடந்து ஒரு மாதம் தாண்டவில்லையா? பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் தங்கிவிடும் மனநோய்) என்று எழுதக் கை போகாது. பதின்வயதிலிருந்தே எல்லா இடத்திலும் இதே போக்கா? அப்போது ஆளுமைக் கோளாறைப் பற்றி யோசிக்கலாம்.

சின்ன வயதிலேயே கொடுமை தொடங்கியிருந்தால் கோடு கைவிரித்துவிடும். அங்கே இரண்டு இடங்களைப் பாருங்கள். தன்னைப் பற்றிய எண்ணம் எப்போதும் தாழ்ந்தே கிடந்து, ஆள் உறவுகளை விட்டு ஒதுங்கினால் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி (பிடிஎஸ்டியோடு தன்னெண்ணம், உணர்ச்சி, உறவு எல்லாம் அடிவாங்கிய நிலை) பக்கம். எண்ணம் நாளுக்கு ஒன்றாக மாறி, விட்டுப் போய்விடுவார்களோ என்று ஆளைப் பிடித்து இழுப்பதும் உதறுவதுமாக இருந்தால் பார்டர்லைன் பக்கம். இரண்டும் சேர்ந்தே இருக்கிற ஆட்களும் உண்டு, அதையும் எழுதுங்கள்.

சரி, நோயைப் பெயரிட எந்தக் கையேட்டைப் பின்பற்றச் சொல்கிறது என்று கேள்வியில் பார்த்தீர்களா? அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-லேயே காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டியைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு டிஎஸ்எம்-5இல் அது தனி நோயாக இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஐசிடி-11இல் இருக்கிறது. அதே ஐசிடி-11 ஆளுமைக் கோளாறின் பழைய வகைகளைத் தூக்கிவிட்டு லேசு, நடுத்தரம், கடுமை என்று பார்க்கிறது. பார்டர்லைன் அதில் ஒரு கூடுதல் குறிப்பு மட்டும். என்னோடு எழுதிய பாதிப் பேர் இரண்டு கையேட்டையும் ஒரே சாம்பாராக்கினார்கள்.

மீதி, மனதில் வந்த வரிசையில்:

- பிடிஎஸ்டியை அளக்கும் பிசிஎல்-5 படிவத்தில் 20 கேள்வி, மதிப்பெண் 0 முதல் 80. காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டியையும் பார்க்கும் ஐடிக்யூவில் 18. ஆளுமையை அளக்கும் பிஐடி-5 முழு வடிவத்தில் 220. இதற்கு மேல் எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள்.
- ஒரே தடவை அளந்த ஆய்வை வைத்து "ட்ரோமா ஆளுமையை மாற்றியது" என்று எழுதினால் வைவாவில் தோலை உரிப்பார்கள். "தொடர்பு" என்ற சொல்லோடு நிறுத்துங்கள்.
- குரூப் ஸ்டடி வேண்டாம். என் குரூப்பில் படித்ததைவிட ரொட்டி சானாய் தின்றதுதான் அதிகம். கூட்டம் பிடித்தவர்கள் இதைக் கேட்க வேண்டாம்.
- தமிழில் நேர்காணல் செய்து பழகுங்கள். "சின்ன வயதில் கொடுமை நடந்ததா?" என்றால் நம் ஆட்கள் இல்லை என்பார்கள். "வீட்டில் ரோத்தான் (அடிக்கிற பிரம்பு) எங்கே மாட்டியிருந்தது?" என்று கேளுங்கள், அரைமணி நேரம் பேசுவார்கள். அதற்காக எல்லா ரோத்தான் அடியும் டிஎஸ்எம்மில் பிடிஎஸ்டிக்கு எது ட்ரோமா என்று சொல்லும் 'ஏ' அளவுகோலில் சேர்ந்துவிடாது. உயிருக்கு ஆபத்து, கடுமையான காயம், பாலியல் வன்முறை, இந்த எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

நோட்ஸ் கேட்டு இதுவரை நான்கு ஜூனியர்கள் மெசேஜ் போட்டுவிட்டார்கள். கொடுப்பதில் கஞ்சத்தனம் இல்லை தங்கச்சிகளா, என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.