15 வருஷ சான்ட்ரோவுக்கு எஃப்சி காட்டுறதா, வித்துட்டு புதுசு வாங்குறதா: நான் போட்ட கணக்கு

போன வருஷம் (2025) மே மாசம், கத்திரி வெயில், விழுப்புரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு இருந்தோம். அச்சிறுபாக்கம் தாண்டுறதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறி ஒட்டிக்கிச்சு, ஏசி சூடா காத்து அடிக்குது, பானட் ஓரத்துல இருந்து ஆவி. வண்டி 2010 சான்ட்ரோ ஜிங், என் சம்பளத்துல நான் வாங்கின முதல் வண்டி, நான்தான் ஓட்டிட்டு இருந்தேன். ஓரங்கட்டிட்டு பத்து நிமிஷம் கூட பொறுக்காம கையில இருந்த ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை அப்படியே ஊத்தினேன். தப்பு அதுதான், அதை முதல்லயே ஒத்துக்கிறேன். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசமா கூலன்ட் குறையுதுன்னு தெரிஞ்சும் வீட்டு குழாத் தண்ணியையே ஊத்தி ஓட்டினதும் நான்தான். வண்டி மேல பழி போட ஒண்ணும் இல்ல.

ரெக்கவரி வண்டிக்கு 6,500 ரூபா. இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி (அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு மட்டும்) போட்டு வச்சிருந்ததால ரோட்சைட் அசிஸ்டன்ஸ் எல்லாம் கிடையாது. கல்யாணத்துக்கு பஸ்ல போய் சேரும்போது பந்தி முடிஞ்சு இலை எடுத்துட்டு இருந்தாங்க.

மடிப்பாக்கத்துல எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி பாய் மெக்கானிக் ஷெட் இருக்கு. அவர் முதல்ல ஆயில் ஊத்துற மூடியைத் தொறந்து உள்பக்கத்தை என்கிட்ட காட்டினார், காபி டிகாஷன்ல பால் ஊத்தின கலர்ல கொழகொழன்னு ஒட்டிட்டு இருந்துது. "ஆயில்ல தண்ணி கலந்துட்டும்மா, ஹெட் கேஸ்கட், எஞ்சின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற அடைப்புத் தகடு, போச்சு. கொதிக்கிற எஞ்சின்ல பச்சத்தண்ணி ஊத்துனியா?" நான் ஒண்ணும் சொல்லல. அவரும் அதுக்கு மேல கேக்கல.

இதுல இன்னொரு சிக்கல், வண்டியோட ஆர்சி, அதாவது பதிவு, செப்டம்பர் 14ஆம் தேதியோட முடியுது. சொந்த வண்டிக்கு பதிவு 15 வருஷம் தான், அதுக்கப்புறம் எஃப்சி காட்டி, அதாவது வண்டி இன்னும் ஓட்டத் தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி, அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிக்கணும். இதுக்கான ஃபீஸ் முன்ன 600 தான் இருந்துது, 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு 5,000 ஆக்கிட்டாங்க, கூடவே பழைய வண்டிக்குப் போடுற பசுமை வரி தனி. தேதி தாண்டினா மாசத்துக்கு 500 அபராதம். ஆக எஞ்சின் ரிப்பேர், எஃப்சி ரெண்டும் ஒரே நேரத்துல தலைமேல.

சொல்லி வச்ச மாதிரி எல்லாரும் ஒரே மாதிரி பேசினாங்க, "15 வருஷம் ஆச்சுல்ல, தூக்கிப் போடுங்க". ஆபீஸ்ல ஒருத்தர் 15 வருஷத்துக்கு மேல பெட்ரோல் வண்டி ஓட்டவே கூடாதுன்னு சட்டமே இருக்குன்னு சாதிச்சார். அது டெல்லிக்கும் அதைச் சுத்தின ஏரியாவுக்கும் தான் சார், நம்மூர்ல எஃப்சி பாஸ் ஆச்சுன்னா ஓட்டலாம்னு சொன்னா நம்பவே மாட்டேங்கிறார். இந்த ஒரு குழப்பத்துலயே நல்லா ஓடுற வண்டியை அடிமாட்டு விலைக்கு வித்தவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர் இருக்காங்க.

எங்க வீட்டுக்காரர் கட்சி தெளிவு, புதுசு வாங்கணும். ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல எஸ்டிமேட் கேட்டோம், ரெண்டு பக்கத்துக்கு பிரிண்ட் போட்டு 1,16,000 ரூபான்னு குடுத்தாங்க, அதுல கிளட்ச் செட், நாலு டயர், ஸ்டியரிங் ராக்னு எல்லாமே இருந்துது. எதை இப்பவே செய்யணும், எது ஒரு வருஷம் தாங்கும்னு நான் கேட்டதுக்கு அங்க இருந்த பையன் "சாரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க மேடம், விளக்கமா சொல்றேன்"ங்கிறான். ஓட்டுறது நான், பில்லு கட்டுறது நான், சார் வந்து என்ன பண்ணப் போறார்? புது கார் ஷோரூம்ல எக்ஸ்சேஞ்சுக்கு 60,000, போனஸ் 15,000 சேர்த்து 75,000 தர்றேன்னாங்க. உடனே இவர், "75,000 பெறாத வண்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேல செலவு பண்றவங்கள எங்கயாவது பாத்திருக்கியா?"

எனக்கு வேலை அக்கவுன்ட்ஸ்ல. 2010ல இருந்து இந்த வண்டிக்கு பண்ண ஒவ்வொரு செலவும் 80 பக்க கோடு போட்ட நோட்டுல இருக்கு, பஞ்சர் ஒட்டினது உட்பட. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கணக்கு போட்டேன்.

வண்டி என்ன விலைக்குப் போகும்ங்கிறது விக்கிறவனுக்குத் தான முக்கியம், விக்கப் போறதில்லன்னா அடுத்த அஞ்சு வருஷம் வருஷத்துக்கு எவ்வளவு முழுங்கும்ங்கிறது தான பாக்கணும். நான் ஓட்டினது அதுக்கு முந்தின வருஷம் மொத்தம் 4,800 கிலோமீட்டர் தான். சிட்டில லிட்டருக்கு பன்னண்டு பன்னண்டரை குடுக்குது, புதுசு 19 குடுக்கும்னே வச்சுக்குவோம், பெட்ரோல் நூறு ரூபான்னா வருஷத்துக்கு ஒரு 14,000 மிச்சம். மைலேஜ் மைலேஜ்னு இவர் குதிச்சது அவ்வளவு தான். புது வண்டிக்கு கைல இருக்கிறதைப் போட்டது போக ஆறு லட்சம் லோன், 9 பர்சென்ட், அஞ்சு வருஷம்னா மாச ட்யூ 12,450 சொச்சம். ஒரு வருஷ பெட்ரோல் மிச்சம் ஒரு மாச ட்யூவுக்கு சரியாப் போச்சு. இன்சூரன்ஸும் அப்படித்தான், பழசுக்கு தேர்ட் பார்ட்டி 3,416 ப்ளஸ் வரி, 1086 சிசிங்கிறதால அந்த ஸ்லாப். புதுசுக்கு மூணு வருஷ தேர்ட் பார்ட்டியை மொதல்லயே கட்டணும், நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் வேற. ரோடு டாக்ஸும் இப்ப அஞ்சுல இருந்து பத்து லட்ச ரூபா வண்டிக்கு 13 பர்சென்ட்.

கணக்குல நான் ஜெயிச்சாச்சு. ஆனா இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. "இதுல ஏர்பேக் இருக்கா? ஏபிஎஸ் (பிரேக் அடிச்சா வீல் லாக் ஆகாம தடுக்கிறது) இருக்கா?" இல்ல. 2019ல இருந்து விக்கிற புது வண்டிக்கு ஏபிஎஸ்ஸும் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயம், அப்புறம் முன்னாடி ரெண்டு சீட்டுக்குமே ஏர்பேக் கட்டாயம் ஆக்கிட்டாங்க. என் வண்டில இருக்கிறது சீட் பெல்ட்டும் பிள்ளையாரும் தான். ஏழாவது படிக்கிற பையனை பின்னாடி உக்கார வச்சு விழுப்புரம் போற ஜிஎஸ்டி ரோடு ஹைவேல நூறுல போற ஆம்னி பஸ்ஸுக்கு நடுவுல ஓட்டுறதை எந்த நோட்டுல எந்தக் காலத்துல எழுதுறது? ரெண்டு நாள் இது மனசை அரிச்சுது. கடைசில ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம், வண்டியை வச்சுக்கிட்டா அது ஊருக்குள்ள மட்டும் தான், செங்கல்பட்டு தாண்டாது, விழுப்புரத்துக்கு இனி ரயில்ல தான். இதை நான் மனசார ஒத்துக்கிட்டேன், இல்லன்னா புதுசுக்கே தலையாட்டியிருப்பேன். மாசம் ரெண்டு தடவை ஹைவேல போறவங்களுக்கு நான் சொல்ற கணக்கு பொருந்தாது.

வச்சுக்கணும்னு தோணினதுக்கு இன்னொரு காரணம் எங்க அத்தை, என் மாமியார். அவங்களுக்கு முட்டிவலி, குனிஞ்சு ஏறுற வண்டில ஏறினா எந்திரிக்க ரெண்டு பேர் கை குடுக்கணும், சான்ட்ரோ உயரமான வண்டிங்கிறதால சேர்ல உக்கார்ற மாதிரி உக்காந்து எந்திரிச்சிடுவாங்க.

ஆனா அதெல்லாம் பாய்கிட்ட எடுபடல. "எஞ்சின் பத்தி பயப்படாதம்மா, எஞ்சின்னா புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல கூட கிடைக்கும். பாடி போச்சுன்னா வண்டி போச்சு. முதல்ல அதைப் பாப்போம்"னு வண்டியைத் தூக்கி நிறுத்தினார். எனக்கு உள்ளுக்குள்ள உதறல், ஏன்னா 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல முட்டிக்கு மேல தண்ணி, வண்டி ஒன்றரை நாள் அதுல நின்னுது. (2024 அக்டோபர்ல உஷாராகி வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா நின்ன வண்டியில என்னோடதும் ஒண்ணு.) பாய் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அடியில ஒவ்வொரு இடமா குத்திக்கிட்டே வந்தார். ஆப்ரான்ல (எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பாடித் தகடு) டங் டங்குன்னு சத்தம், ரன்னிங் போர்டுல டங். முன்பக்க இடது சீட்டுக்குக் கீழ வந்தப்ப சத்தமே இல்ல, பொதுக்குன்னு உள்ள போயிடுச்சு, உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் துருவா கொட்டுது. நான் அவ்வளவு தான்னு நினைச்சேன். அவர் கையைத் துடைச்சுக்கிட்டே, "இது ஃப்ளோர் தான், வெட்டிட்டு புதுத்தகடு வச்சு வெல்டிங் வச்சிரலாம். ஆப்ரான்ல உள்ள போயிருந்துச்சுன்னா எடைக்குப் போட்டுருன்னு நானே சொல்லியிருப்பேன்"னார். நான் முடிவு பண்ணது அந்த நிமிஷம் தான், மிச்சமெல்லாம் சும்மா.

வேலை நாலு நாள்னு சொல்லி ஒம்போது நாள் ஆச்சு. எப்ப போன் பண்ணாலும் "லேத்துக்குப் போயிருக்கும்மா". ஒருநாள் நேர்லயே போய்ட்டேன். கழட்டின ஹெட்டு மேல ஸ்டீல் ஸ்கேலை குறுக்க வச்சு, நடுவுல கேஜ் தகட்டை சொருகிக் காட்டினார், வழுக்கிட்டு உள்ள போகுது. சூட்டுல ஹெட் வளைஞ்சிருக்கு, ஃபேஸிங் பண்ணி, அதாவது தேய்ச்சு சமமாக்கித் தான் ஆகணும். எப்படியும் பிரிச்சாச்சுன்னு டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் ரெண்டும் மாத்தியாச்சு, தனியா மாத்தினா அதே கூலியை திரும்பக் குடுக்கணும். இ20 பெட்ரோல் (20 பர்சென்ட் எத்தனால் கலந்தது) பழைய ரப்பரை அரிக்கும்னு எல்லாரும் பயமுறுத்திட்டு இருந்த நேரம், அதனால பெட்ரோல் ஹோஸையும் மாத்தச் சொன்னேன், பெரிய செலவில்ல.

நோட்டுல இருக்கிற படி: ஹெட் வேலை பெல்ட் பம்ப் எல்லாம் சேர்த்து 17,500, ரேடியேட்டர் 4,200, சஸ்பென்ஷன்ல லோயர் ஆர்ம் புஷ் லிங்க் ராட் 9,800, ஃப்ளோர் வெல்டிங் டிங்கரிங் டச்சப் 11,000, முன்னாடி ரெண்டு டயர் மட்டும் 7,600. மொத்தம் 50,100. கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் வரும்னு பாய் சொன்னார், விட்டுட்டோம்.

எஃப்சிக்கு, ஆர்சி முடியுறதுக்கு 60 நாள் முன்னாடியே அப்ளை பண்ணலாம். அரசாங்கத்தோட பரிவாஹன் சைட்ல ஃபார்ம் 25, ஃபீஸ், பசுமை வரி எல்லாம் நானே கட்டினேன். ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல ஒரு புரோக்கர் 9,500 குடுங்க நீங்க வரவே வேணாம்னார், நான் நடையைக் கட்டினேன். கொண்டு போனது பழைய ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், அப்புறம் சேஸ் நம்பர் பென்சில் பிரிண்ட். இந்த பென்சில் பிரிண்ட் எடுக்கிறது ஒரு தனிக்கலை, பானட்டைத் தொறந்து நம்பர் மேல இருக்கிற கிரீஸ் அழுக்கை மண்ணெண்ணெய் துணியால துடைச்சு, அது மேல மெல்லிசு பேப்பரை வச்சு பென்சிலைச் சாய்ச்சு லேசாத் தேய்க்கணும், நாம சின்ன வயசுல காசு மேல பேப்பர் வச்சுத் தேய்ப்போமே அதே மாதிரி. மூணாவது பேப்பர்ல தான் எல்லா எழுத்தும் விழுந்துச்சு. துரு ஏறி நம்பர் படிக்க முடியலன்னா பெரிய அலைச்சல்னு சொன்னாங்க, அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே இதைப் பாத்துக்குங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து லைட், இண்டிகேட்டர், ஹாரன், டயர் எல்லாம் பாத்தார், நம்பரை ஒப்பிட்டார், ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னார். காத்திருந்தது மூணு மணி நேரம், அவர் வண்டியைப் பாத்தது ஆறு நிமிஷம். பாஸ். எஃப்சி செலவெல்லாம் சேர்த்தா மொத்தம் 57,000 சொச்சம் வந்துச்சு.

அடுத்த வாரமே ஆகஸ்ட் 15 அன்னைக்கு பிரதமர் ஜிஎஸ்டி குறையும்னு அறிவிக்கிறார், ரோடு இல்ல, வரி. அப்புறம் சின்ன காருக்கு 28ல இருந்து 18ன்னு முடிவாச்சு, செப்டம்பர் 22ல இருந்து அமல். எங்க வீட்டுக்காரர் டிவியைப் பாக்கல, என்னைப் பாத்தார். நாங்க பாத்த வண்டிக்கு கிட்டத்தட்ட 50,000 குறைஞ்சிருக்கும், ஒரு மாசம் பொறுத்திருக்கலாம்தான், எனக்கும் சுருக்குன்னு இருந்துச்சு. ராத்திரி திரும்ப நோட்டை எடுத்துப் போட்டுப் பாத்தா ட்யூல ஆயிரம் ரூபா தான் குறையுது. நிம்மதியாத் தூங்கினேன்.

புது ஆர்சில 2030 வரைக்கும் போட்டிருக்கு. நோட்டோட கடைசிப் பக்கத்துல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு எழுதி வச்சிருக்கோம்: மறுபடி எஞ்சின் போனாலோ கியர்பாக்ஸ் போனாலோ ஒரு பைசா செலவு பண்ணாம வண்டியைக் குடுத்துடணும். போன வாரத்துல இருந்து பள்ளிக்கரணை சிக்னல்ல கிளட்ச் கொஞ்சம் மேல வந்து பிடிக்குது. கிளட்ச் கியர்பாக்ஸ் கணக்குல தான் சேரும்னு இவர் சொல்றார், நான் சேராதுங்கிறேன், பாய்கிட்ட கேட்டா "என்னை எதுக்கும்மா உங்க வீட்டுச் சண்டைல இழுக்குற"ங்கிறார்.