நட்சத்திரத்தில் ஐந்து நொடி, குகையில் அரை மணி

2019 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பெத்லகேம் போனேன். கிறிஸ்துமஸ் வந்தாலே ஓட்டம்தான். ஒரு தடவையாவது அதையெல்லாம் விட்டுவிட்டு, ஆண்டவர் பிறந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும் என்பது பல வருட ஆசை. அங்கே போய்ப் பார்த்தால், அந்த ஓட்டம் எனக்கு முன்னாலேயே வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

பிறப்புப் பேராலயத்தின் வாசலுக்குத் தாழ்மையின் வாசல் என்று பெயர். உயரம் நாலடிதான் இருக்கும். சுவரை உற்றுப் பார்த்தால் கதை புரியும்: மேலே 6ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டிய பெரிய வாசலின் உத்தரம், அதற்குள் சிலுவைப்போர்க் காலத்து வளைவு, அதற்கும் உள்ளே இந்தப் பொந்து. குதிரையோடு நுழைந்து கொள்ளையடிப்பவர்களைத் தடுக்கத்தான் இப்படிச் சுருக்கினார்களாம். நன்றாகக் குனிந்துதான் போனேன், அப்படியும் தலை இடித்தது. தாழ்மை இன்னும் கொஞ்சம் தேவை போல.

உள்ளே இரண்டு மணி நேர வரிசை. முன்னால் ஒரு குழு பாட, பின்னால் இன்னொரு குழு வேறு மொழியில் அதைவிடச் சத்தமாகப் பாடியது. என் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. யார் எந்த ரயிலில் வருகிறார்கள், யாருக்கு என்ன வாங்கியாயிற்று என்று வீட்டுக் குழுவில் ஒரே பேச்சு. எடுத்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். நாலு தடவை பார்த்தேன்.

அப்புறம் குறுகலான படிகளில் இறங்கினால் குகை. பீடத்தின் அடியில், பளிங்குத் தரையில், ஆண்டவர் பிறந்த இடத்தைக் குறிக்கும் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம். மேலே பதினைந்து விளக்குகள்; கிரேக்கர், ஆர்மேனியர், லத்தீன் சபையார் (கத்தோலிக்கர்) என்று மூன்று சபைகளும் பங்கிட்டு எரிய வைப்பவை. முழந்தாளிட்டு, நட்சத்திரத்தின் நடுவில் இருக்கும் துளையில் கையை விட்டேன். குளிர்ந்த கல் விரலில் பட்டது. செபிக்க வேண்டியவர்களின் பெயர்களையெல்லாம் காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. முட்டி வலிக்கிறதே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. ஐந்து நொடி இருக்கும், "நகருங்கள்" என்று சைகை வந்துவிட்டது.

வெளியே வந்தபோது அழுகை வராத குறை. இதற்காகவா இத்தனை தூரம்?

பக்கத்திலேயே பிரான்சிஸ்கன் சபையாரின் புனித கத்தரினம்மாள் ஆலயம். அதன் உள்ளே ஒரு படிக்கட்டு கீழே இறங்குகிறது. எங்கே போகிறது என்று தெரியாமலே இறங்கினேன். மாசற்ற குழந்தைகளின் சிற்றாலயத்தைத் தாண்டி உள்ளே போனால் புனித ஜெரோமின் குகை. வெறும் கல், ஒரு பீடம். அங்கே அப்போது யாரும் இல்லை.

கி.பி. 386இல் பெத்லகேமில் குடியேறி 420இல் சாகும்வரை அவர் இங்கேதான் இருந்தார். எபிரேயத்திலிருந்து பழைய ஏற்பாட்டை லத்தீனுக்குக் கொண்டுவந்த பெரும்பாடு இந்த ஊரில்தான் நடந்தது. அவருக்கு மட்டும் அமைதி கிடைத்ததா என்ன? உலகின் எல்லா மூலையிலிருந்தும் வந்து குவியும் துறவிகளைப் பற்றிக் கடிதத்தில் அவரே அலுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் படித்தது அந்த நேரத்தில் ஞாபகம் வந்து, தனியாகச் சிரித்துவிட்டேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பாறைக்கு அந்தப் பக்கம்தான் நட்சத்திரக் குகை. அங்கே நகரும் கூட்டத்தின் இரைச்சல் மெலிதாக வந்துகொண்டே இருந்தது. யோசித்தால், முதல் கிறிஸ்துமஸும் இப்படித்தான். குடிமதிப்புக்காக ஊரே திரண்டு வந்து, விடுதியில் இடமில்லாமல் போன இரவு அது. இடையர்களும் கதவைத் தட்டாமல் வந்து நின்றிருப்பார்கள். அந்தச் சந்தடியின் நடுவில்தான் மரியா எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார் என்று லூக்கா எழுதுகிறார். கூட்டம் கலையட்டும் என்று அவர் காத்திருந்ததாக இல்லை.

மெதுவாகப் பெயர்கள் வர ஆரம்பித்தன. காகிதத்தை எடுக்கவில்லை. முதலில் அம்மா. பிறகு, இரண்டு வருடமாக நான் பேசாமல் இருக்கும் ஒருவர்; அவர் என் பட்டியலிலேயே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு. கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை, பெயரைச் சொல்வதே போதுமாக இருந்தது. இரைச்சல் நிற்கவில்லை. அது என்னைத் தொந்தரவு செய்வது மட்டும் எப்போதோ நின்றிருந்தது.

அரை மணி போனது தெரியவில்லை. பை மறுபடி அதிர்ந்தது. எங்கள் பயணக் குழுவிலிருந்து: "எங்கே இருக்கீங்க? எல்லாரும் பஸ்ஸில் ஏறியாச்சு."

படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஓடினேன்.