நீக்கிய பெயர், சேர்த்த பெயர்

எங்கள் அம்மா வீட்டில் வாசற்கதவை ஒட்டிய சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஜவுளிக்கடைப் பை ஒன்று எப்போதும் தொங்கும். பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் குடும்ப அட்டை, ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகம், தம்பியின் மதிப்பெண் சான்றிதழ்கள். பை கிழிந்தால் அம்மா வேறு பை மாற்றுவார். ஆணியை மாற்ற விடமாட்டார். நடு இரவில் மின்சாரம் இல்லாவிட்டாலும் கை தானாக அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு.

திருமணமாகித் திருவாரூருக்கு வந்த முதல் வாரம், புகுந்த வீட்டில் கதவோரம் அந்த ஆணியைத் தேடினேன். பத்திரங்களெல்லாம் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தன. எல்லா வீடுகளிலும் அப்படியொரு பை தொங்காது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடற்கரையிலேயே எங்கள் ஊர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மார்கழிப் பௌர்ணமி. காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கம் பூமி அசைந்தது. எங்கள் கரைக்கு அலை வந்து சேரும்போது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்களுக்கு யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

எனக்கு அப்போது 13 வயது. டியூஷனுக்காக நகரத்துக்குள் இருந்தேன். அப்பா கடலில் இருந்தார். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. படகு கொஞ்சம் ஏறி இறங்கியது போல இருந்தது, அவ்வளவுதான் என்பார். ஏலக்கரையில் இருந்த அம்மா ஐஸ் கம்பெனி மாடியில் ஏறித் தப்பித்தார். தம்பி கரையில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆறு வயது. மூன்றாம் நாள் அப்பா அவனை அடையாளம் காட்டினார். எங்கே, எப்படி என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஊர்க்காரர்கள் பலரோடு ஒரே குழியில்தான் அவனும் இருக்கிறான். அந்த நாளைப் பற்றி இவ்வளவு போதும். அதற்குப் பிறகு நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

என் சித்தியின் கூந்தல் சீமைக் கருவேல முள்ளில் சிக்கியிருந்தது. அதனால் அம்மா இன்றுவரை தலைமுடியை விரித்துப் போடுவதில்லை. தலைக்குக் குளித்தாலும் ஈரத்தோடு அள்ளி முடிந்துகொள்வார். நானும் அப்படித்தான். என் மகள் பின்னலை அவிழ்த்துக்கொண்டு ஓடினால் இங்கே, கடலே தெரியாத திருவாரூரில், எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றுவிடுகிறது.

அந்தக் காலை எங்கள் ஊரில் போனவர்களில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள், மற்றவர்களுக்கு நீச்சல் தெரியும். கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நீச்சல் தெரியாது. வயதுக்கு வந்த பிள்ளை தண்ணீரில் இறங்கினால் நாலு பேர் பேசுவார்கள். அடுத்த கோடையில் அம்மா என்னை அப்பாவுடன் கடுவையாற்றுக்கு அனுப்பினார். பாவாடைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, இடுப்பில் கயிறு. கரையில் நின்று பார்த்தவர்கள் முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் இன்னும் நான்கு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களையும் அப்பாதான் பழக்கினார்.

பிணங்களைத் தின்ற மீன் என்று வதந்தி பரவி, வெளியூர்களில் வாரக்கணக்கில் யாரும் மீன் வாங்கவில்லை. பிறகு வியாபாரம் திரும்பியது. எங்கள் வீட்டு அடுப்புக்கு மட்டும் மீன் ஓராண்டு வரவில்லை. அம்மா கூடை சுமந்து மீன் விற்பார், அந்தக் காசில் கத்தரிக்காயும் பருப்பும் வாங்கி வருவார். ஒருநாள் அவராகவே சாளை ஆய ஆரம்பித்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அன்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது.

பள்ளியில் நான் தமிழ் நடத்துகிறேன். கடல்கோளால் அழிந்த பழைய தமிழ்ச் சங்கங்களின் கதை என் வகுப்பில் ஆண்டுதோறும் வரும். அந்தச் சொல் நம்மிடம் எத்தனையோ நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஆனாலும் கடல் உள்வாங்கியபோது எங்கள் பிள்ளைகள் துள்ளிய மீனைப் பொறுக்கத்தான் போனார்கள். சொல் இருந்தது, அது எதைச் சொல்கிறது என்பது கைமாறி வரவில்லை. அதனால் அந்தப் பாடம் வந்தால் ஒரு வகுப்பு முழுவதையும் எடுத்துக்கொள்வேன். தண்ணீர் பின்னால் போனால் நீங்களும் பின்னால் ஓடுங்கள், மேட்டுக்கு ஓடுங்கள் என்று பிள்ளைகளைச் சொல்ல வைப்பேன். திருவாரூர்ப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸுக்காக வந்த வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர் அன்று திரும்பவில்லை என்று மட்டும் சொன்னேன்.

இனித் தம்பியைப் பற்றி. அதாவது, இரண்டாவது தம்பியைப் பற்றி.

இரண்டு பிள்ளைகள் போதும் என்று குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எங்கள் கரை முழுக்க இருந்தார்கள். பிள்ளைகளை வாரிக்கொடுத்த பிறகு அவர்களுக்கு வேறு வழியில்லை. கருக்குழாயை மறுபடி இணைக்கும் சிகிச்சைக்கு அரசே ஏற்பாடு செய்தது. அம்மாவும் போனார். அப்போது அவருக்கு 34 வயது. எல்லோருக்கும் அது பலிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா இரண்டு முறை போய் வந்து, பிறகு யாருடனும் பேசுவதையே விட்டுவிட்டார். அம்மாவுக்கு 2006 செப்டம்பரில் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலேயே அப்பாயி அந்தப் பழைய பெயரைச் சொல்லித்தான் அவனைக் கொஞ்சினார். பெயரைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் நடக்கவில்லை. அதுதான் பெயர் என்றாகிவிட்டது.

குடும்ப அட்டையில் சேர்க்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். எழுத்தர் பழைய பதிவைப் புரட்டினார். "இந்தப் பெயரைப் போன வருடம்தானே நீக்கியிருக்கிறோம், மறுபடி சேர்க்கச் சொல்கிறீர்களே?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. அப்பா, "அது வேற பிள்ளை, சார்" என்றார். எழுத்தர் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொடுத்தார்.

அந்தப் பெயரோடுதான் அவன் வளர்ந்தான். நெற்றியில் திருநீறு வைக்கும் அப்பாயி, "போன தடவை மாதிரி அவசரப்படாதே சாமி" என்பார். புதிதாகக் கட்டிய பள்ளியில் முதல் நாள் வருகைப் பதிவு எடுத்த பெரிய டீச்சர், அந்தப் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாராம். பத்து வயதில் ஒருமுறை என்னிடம் கேட்டான்: "அக்கா, அவன் இருந்திருந்தால் நான் பிறந்திருப்பேனா?" நான் பொய் சொல்லவில்லை. இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பட்டம் விடப் போய்விட்டான். அந்தப் பதிலைச் சொன்னது சரியா என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

2012 ஏப்ரல் 11. மதியம் இரண்டு மணிக்கு மேல் சுமத்ராவில் மறுபடி நிலநடுக்கம், அளவு 8.6. இந்த முறை எச்சரிக்கை வந்தது. 2007இல் ஹைதராபாத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம் தன் வேலையைச் செய்தது. தொலைக்காட்சியில் செய்தி ஓடத் தொடங்கியதும் எங்கள் கரை முழுவதும் மேற்கே ஓடியது. அம்மா மட்டும் கிழக்கே ஓடினார். தம்பி அப்போது பால்வாடியில் இருந்தான், பால்வாடி பழைய ஊர்ப் பக்கம் இருந்தது. வழியில் பிடித்து நிறுத்தியவர்களை உதறிவிட்டு ஓடினாராம். அங்கே ஆயாவும் டீச்சரும் பிள்ளைகளை ஏற்கெனவே மொட்டை மாடிக்கு ஏற்றி, எண்ணி முடித்து, கையில் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அந்த முறை தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் பேரலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். அன்று இரவு அம்மா அவனை மடியை விட்டு இறக்கவில்லை. இரண்டு பெயர்களையும் சொல்லி அழ முடியாது, இருப்பது ஒரே பெயர்தானே. யாருக்காக அழுகிறார் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

இப்போது அவனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். எங்கள் ஊரில் அந்தத் தலைமுறையை யாரும் தொழிலுக்கு அனுப்ப விரும்பவில்லை. சிங்கப்பூர், துபாய், எங்கே வேண்டுமானாலும் போ, கடலுக்கு மட்டும் போகாதே என்பார்கள். அவனோ விடுமுறையில் அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவின் பைபர் படகில் ஏறிவிடுகிறான். அம்மாவுக்குத் தெரியும். அவன் சட்டையைத் துவைப்பது அவர்தானே.

2024 டிசம்பர் 26, இருபதாம் ஆண்டு. வழக்கம்போல அன்று யாரும் தொழிலுக்குப் போகவில்லை. கடலில் பால் ஊற்றினோம், பூத் தூவினோம். பஞ்சாயத்தார் எழுப்பிய நினைவுக்கல்லில் உப்புக்காற்று பட்டு எழுத்துகள் மங்கியிருந்தன. கறுப்பு பெயின்ட் வாங்கி எழுத்துகளை நிரப்பலாம் என்று தம்பியும் நண்பர்களும் மறுநாளே இறங்கினார்கள். ஊரிலேயே தங்கியிருந்த நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவும் வந்தார்.

எல்லாப் பெயர்களையும் முடித்துவிட்டுத் தன் பெயரிடம் வந்து நின்றான். அதில் 'ள' வர வேண்டிய இடத்தில் 'ல' செதுக்கியிருந்தது. இருபது வருடங்களாக எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பிழை.

"அம்மா, இதைத் திருத்திவிடவா? பெயின்ட்டால் மாற்றி எழுதினால் போதும்."

ஐந்தாவது வரை படித்த அம்மா கிட்டே போய், விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"வேண்டாம். இது அவன் பெயர். உன் பெயர் அட்டையில் சரியாகத்தான் இருக்கிறது."

தம்பி அம்மாவையே சிறிது நேரம் பார்த்தான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த 'ல'வை அப்படியே கறுப்பாக்கினான்.