முதுகு ஊசிக்குப் பிறகு வந்த தலைவலி

முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்த சிசேரியன் முடிந்த மறுநாள், பாத்ரூம் போக எழுந்து நின்றதும் பின்னந்தலையிலிருந்து தோள்பட்டை வரை வலி இறுக்கிப் பிடித்தது. காதில் இரைச்சல் வேறு. படுத்த கொஞ்ச நேரத்தில் விட்டது. உட்கார்ந்தால் மறுபடியும் அதே வலி. "பச்ச உடம்பு, காத்து அடிச்சிருக்கும், காதுல பஞ்சு வைம்மா" என்றார் அத்தை. குழந்தைக்கு ஒருக்களித்துப் படுத்தபடிதான் பால் கொடுக்க முடிந்தது.

மயக்க மருந்து டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "படுத்தா குறையுதா?" என்பதுதான். ஊசி துளைத்த இடத்தின் வழியாகத் தண்டுவடத் திரவம் கசிவதால் வரும் வலி என்று விளக்கினார். முதுகு ஊசியின் முன்னோடியான ஆகஸ்ட் பியர் 1898-ல் தன் உடம்பிலேயே சோதித்தபோது அவருக்கும் இதே தலைவலிதானாம். கேட்டதும் பாதி பயம் போனது.

"எங்கப்பாவுக்கும் ஹெர்னியாவுக்கு இதே ஊசிதான் போட்டாங்க, ஒண்ணும் ஆகலையே?" என்றேன். இளம் பெண்களுக்கு, அதிலும் பிரசவமானவர்களுக்கு இது அதிகம். வயதானவர்களுக்குக் குறைவு என்றார். சின்னக் குழந்தைகளுக்கும் வரலாம், ஆனால் சொல்லத் தெரியாது. தூக்கினால் அழுது, படுக்கவைத்தால் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

முதலில் பாராசிட்டமால், நிறைய தண்ணீர், அளவாகக் காபி. பலருக்கு இதிலேயே சில நாட்களில் சரியாகிவிடும். படுத்தே கிடந்தால் வலி தெரியாதே தவிர, கசிவு அதனால் அடைபடாது. எனக்கு உட்காரவே முடியாமல் போனதால் 'பிளட் பேட்ச்' செய்தார்கள். கையிலிருந்து சுமார் 20 மில்லி ரத்தம் எடுத்து, முதுகில் பழைய ஊசி போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மெதுவாகச் செலுத்தினார்கள். அந்த ரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்கும். இடுப்பில் ஒரு கனமான அழுத்தம். "இறுக்கமா இருந்தா உடனே சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டுத்தான் செலுத்தினார். சில மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்தேன், வலி இல்லை. சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படுமாம்.

சில நாட்களுக்குக் கனம் தூக்காதே, முக்காதே என்றார்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, பார்வை இரட்டையாகத் தெரிவது, வலிப்பு, படுத்தும் குறையாத வலி: இதில் எது வந்தாலும் ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வயதானவர்களிடம் மூளையைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்களாம். முதுகு ஊசி போட்ட யாருக்காவது தலை வலித்தால், நின்றால் எப்படி, படுத்தால் எப்படி என்பதைத் தெளிவாகச் சொல்லி, மயக்க மருந்து டாக்டரையே கூப்பிடச் சொல்லுங்கள்.