தெருவின் அகலத்தை இரவில் அளக்க வேண்டும்

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை தெருக்களில் ஆவணத்தில் இருக்கும் அகலம் வேறு, வண்டி போகக் கிடைக்கும் அகலம் வேறு. பகலில் டேப் பிடித்தால் பாதிதான் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல், வண்டிகள் வீடு திரும்பிய பிறகு, பத்து மீட்டருக்கு ஓரிடமாக அளக்க வேண்டும். 6 மீட்டர் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் வாசல் படியும் பைக் ஏற்றும் சறுக்கும் 60 செ.மீ. வீதம் 1.2 மீட்டர் போய்விடும். ஒரு பக்கம் சுவரோரமாக நிறுத்திய பைக்குகளுக்கு 80 செ.மீ. மிச்சம் 4 மீட்டர். அடிபம்போ மின்சாரப் பெட்டியோ துருத்தி நிற்கும் இடத்தில் அதுவும் 3 ஆகிவிடும். தீயணைப்பு வண்டியே ஏறக்குறைய 2.5 மீட்டர், ஆட்கள் இறங்கிக் குழாய் இழுக்க 3.5 மீட்டராவது வேண்டும். ஆக, இருப்பதிலேயே குறுகலான இடம் எவ்வளவோ அவ்வளவுதான் அந்தத் தெருவின் அகலம்.

படிகளை ஆக்கிரமிப்பு என்று இடிக்கக் கிளம்புமுன் அவை எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டால் ஒவ்வொரு தடவையும் 30 முதல் 40 மி.மீ. ஏறும். ஐந்து தடவையில் 15 முதல் 20 செ.மீ. வாசல் ரோட்டுக்குக் கீழே போய், ஒரு மழைக்கே சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வீட்டுக்காரர் வாசலை உயர்த்துவார், பைக் ஏறச் சறுக்கு கட்டுவார். ரோட்டின் உயரம்தான் அகலத்தைத் தின்கிறது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவுறுத்தியது. நல்ல உத்தரவு. ஆனால் கெடுவது ஓரத்தில். தாரைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் சுவரோரமும் பம்பு அருகிலும் எட்டாது. அந்த ஓரத்தைக் கையால் உடைத்து எடுக்காமல் விட்டால் நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாகி, தண்ணீர் நடுத்தெருவில் நிற்கும். 40 மி.மீ. சுரண்டினால் 40 மி.மீ. மட்டுமே போட வேண்டும். 4 மீட்டர் ரோட்டில் நடு, ஓரத்தைவிட 5 செ.மீ. உயர்ந்திருந்தால் தண்ணீர் வடிகாலுக்கு ஓடும். மேன்ஹோல் மூடியும் அதே மட்டத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் பைக்காரர்கள் அதை ஒதுக்க வளைத்து, நடப்பவர்கள் மேல் வருவார்கள்.

‘ரோட்டை அகலமாக்குங்க’ என்ற கோரிக்கை எப்போதும் வரும். குடியிருப்புத் தெருவுக்கு அது நல்லதல்ல. கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் மூடினால் பைக்கும் ஆட்டோவும் சந்துகளில் புகுந்துதான் வழி தேடும். அங்கே அகலமும் வழவழப்பும் சேர்ந்தால் வேகம் தானாக வரும். காய்ந்த ரோட்டில், ஓட்டுபவர் சுதாரிக்க ஒரு நொடி பிடிக்கும் என்று வைத்தால், 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி சுமார் 13 மீட்டரில் நிற்கும். 50-ல் 28 மீட்டர் ஆகும். வாசலைத் தாண்டினாலே ரோடு என்றிருக்கும் வீட்டுக் குழந்தைக்கு அந்த 15 மீட்டர்தான் உயிர். அதனால் வண்டிக்கு 3.5 மீட்டர் போக மிஞ்சுவதை நடப்பவர்களுக்குக் கொடுங்கள். 1.8 மீட்டர் கிடைத்தால் நடைபாதை போடலாம். கிடைக்காத இடத்தில் 40 செ.மீ. அகலத்தில் மேடை கட்டினால் அது பைக் ஸ்டாண்டுதான் ஆகும். ஒரே மட்டமாக விட்டு வேகத்தைக் குறைப்பதே மேல்.

வேகத்தடைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் குலுங்காமல் கடக்கலாம். தெருக்காரர்களே சிமென்டில் போடும் குட்டை மேடு ஆட்டோவில் போகும் கர்ப்பிணிக்கு ஆபத்து. பைக்குகளும் அதன் ஓரமாக வளைந்து போகும்.

முனையில் வளைவு இறுக்கமாக இருந்தால் திரும்பும் வண்டி மெதுவாகும். ஆனால் தீயணைப்பு வண்டி திரும்ப, முனையிலிருந்து 5 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். மஞ்சள் கோடு மட்டும் போட்டால் அது காலியாக இருக்காது. முனை டீக்கடைக்கு வரும் பைக்குகளுக்குப் பத்தடி தள்ளி வேறு இடம் கோடு போட்டுக் காட்ட வேண்டும், கடைக்காரரிடமும் பேச வேண்டும்.